ஒரு வள்ளம், இரண்டு குடும்பங்கள்

கயிறிழுத்தலையும் மல்லாந்து நீந்தும் போட்டியையும் ஒரு புறம் வைத்துவிட்டால், எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வெற்றியை நாடிச் செல்லும் விளையாட்டு துடுப்பு வள்ளப் போட்டி ஒன்றுதான் எனலாம். ஓடுபவன் தனக்கு முன்னே ஓடுபவனைக் குறிவைத்து ஓடுகின்றான். குதிரைமேல் இருப்பவனுக்கும் எல்லைக் கம்பம் கண்ணெதிரே தெரிகின்றது. துடுப்பு வலிப்பவனோ தான் கடந்து வந்த நீரையே பார்த்திருக்கின்றான். அவன் முந்தியிருந்தால் எதிரிகள் அனைவரும் அவன் கண்முன் தெரிவர். எல்லோருக்கும் பிந்திவிட்டால் ஒருவரும் தெரியார். ஆளற்ற வெறும் நீரைக் காண்பதே இவ்விளையாட்டில் தோல்வியின் அடையாளம்.

இத்தகைய விளையாட்டில் தந்தை, தாய், மகள், மகன் என நால்வரும் உலக அரங்கேறிய குடும்பம் ஒன்று ஒல்லாந்து தேசத்தில் உண்டு. அக்குடும்பத்தைப் பற்றி எழுத எண்ணிக் குறிப்புகளைத் திரட்டிய வேளையில், அதனோடு ஒட்டியபடியே இன்னொரு குடும்பத்தின் கதையும் வந்து சேர்ந்தது. ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல இயலாதென்பது நமக்குத் தெளிவாயிற்று. இரு குடும்பத் தலைவர்களும் ஒரே வள்ளத்தில் இருந்தவர்கள். ஆகவே இவ்வாரம் வாசகர்கள் ஒன்றுக்கு இரண்டாகப் பெற்றுக்கொள்வார்களாக.

ஒல்லாந்தர் என்றதும் நம் நாட்டவர்க்குக் கோட்டைகளும், கறுவாவும், தோம்பு ஏடுகளும், மேற்குக் கரையோரம் அவர்கள் வெட்டுவித்த வாய்க்கால்களும் நினைவுக்கு வரும். தண்ணீரை அடக்கி ஆளும் வித்தையை அவர்கள் தங்கள் தாய்நாட்டிலேயே கற்றுக்கொண்டனர். அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. ஆறும் கால்வாயும் இல்லாத ஊரை அங்கே காண்பது அரிது. ஆயினும் போட்டிக்கு வேண்டிய நேரான, அலையற்ற நீர் அவர்களுக்கும் எளிதிற் கிட்டவில்லை. 1930களில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் திட்டத்தின்கீழ் அம்ஸ்ரர்டாம் நகர்ப்புறத்துக் காட்டிலே 2000 மீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் ஒரு நீரோடையை வெட்டினார்கள். 'பொஸ்பான்' எனப்படும் அதுவே போட்டிக்கெனச் செயற்கையாக அமைக்கப்பட்ட ஓடைகளில் மிகப் பழமையானது. மண்வெட்டி பிடித்த அந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு எத்தனை பதக்கங்களில் பங்குண்டு என்று கணக்கிட எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

அந்நாட்டில் இவ்விளையாட்டை வளர்த்தவை பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள். லைடன் நகர மாணவரின் 'நியோர்ட்' சங்கம் 1874ஆம் ஆண்டிலே தோன்றியது. சங்கங்களுக்கிடையே 1878இல் ஆரம்பமான 'வார்சிற்றி' என்னும் போட்டி இன்றும் நடைபெறுகின்றது. தம் சங்கத்து வள்ளம் முதலாவதாக வந்ததும், கரையில் நிற்கும் மாணவர்கள் ஆடையைக் களைந்தெறிந்துவிட்டு நீரிற் பாய்ந்து வள்ளத்தை நோக்கி நீந்துவது அங்கே வழமை. இது குடும்பப் பகுதியாதலால் இவ்விஷயத்தை இம்மட்டில் நிறுத்திக்கொள்கின்றோம்.

இனிக் கதைக்கு வருவோம். றொனால்ட் புளோரைன் 1961ஆம் ஆண்டிலும், நிக்கோ றீங்க்ஸ் 1962ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள். இருவரும் 1988ஆம் ஆண்டு தென்கொரியாவின் சியோல் நகர ஒலிம்பிக் விழாவில் இரட்டைத் துடுப்பு இருவர் வள்ளத்தில் இறங்கினர். இரட்டைத் துடுப்பு என்றால் ஒவ்வொருவரும் கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்புகளை வலித்தல். ஒற்றைத் துடுப்பு என்பது இரு கைகளாலும் ஒரு நீண்ட துடுப்பைப் பற்றி, வள்ளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வலித்தல். இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

இருவர் வள்ளம் ஆகக் குறைந்தது 27 கிலோகிராம் நிறை இருக்க வேண்டுமென்பது விதி. நல்ல உயரமும் பலமும் படைத்த இரு ஆடவர்கள், ஒரு சிறுபிள்ளையின் நிறையே உள்ள ஓட்டினுள் அமர்ந்து 2000 மீற்றர் தூரம் செல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் தோளைச் சற்றுச் சாய்த்தாலும் வள்ளம் சாயும். ஒருவர் துடுப்பு அரைக்கணம் முந்தினாலும் மற்றவரின் உழைப்பு வீணாகும். ஆறு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட அந்த நேரத்திலே இருநூறுக்கு மேற்பட்ட தடவைகள் துடுப்பு நீரிற் புகுந்து எழ வேண்டும். இத்தனையிலும் இருவர் ஒருவராதல் வேண்டும்.

சியோலில் அவர்கள் ஒருவராயினர். 6 நிமிடம் 21.13 செக்கனில் எல்லையைக் கடந்து தங்கப் பதக்கம் பெற்றனர். சுவிற்சர்லாந்து வள்ளம் 1.46 செக்கன் பிந்தியது. சோவியத் யூனியன் மூன்றாவது. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் யான் வீனெசெ என்பவர் தனியாள் வள்ளத்தில் வென்ற பின்னர் இருபது ஆண்டுகளாக ஒல்லாந்துக்கு இவ்விளையாட்டில் ஒலிம்பிக் தங்கம் கிடைத்திருக்கவில்லை. அந்த வரட்சியைப் போக்கியவர்கள் இவ்விருவரே.

வென்றவர்கள் பிரிந்தனர். வென்ற சோடி பிரிவது விளையாட்டுலகில் புதுமையன்று. விவாகத்தைவிடக் கடினமான உறவு அது என்று நாம் நினைப்பதுண்டு. 1992ஆம் ஆண்டு பார்சலோனா விழாவுக்கு இருவரும் வெவ்வேறு வள்ளங்களிற் சென்றார்கள். றீங்க்ஸ், ஹென்க்-யான் ஸ்வொலெ என்னும் புதிய துணைவரோடு அதே இருவர் போட்டியில் வெண்கலம் பெற்றார். இச்சோடி முந்திய ஆண்டில் உலகப் பட்டத்தையும் வென்றிருந்தது. புளோரைன் ஏறிய நால்வர் வள்ளத்துக்குப் பதக்கம் கிட்டவில்லை. முப்பத்தொரு வயது கடந்தவர், ஒரு தங்கமும் பெற்றுவிட்டவர், இத்தோடு போதுமென்று கரையேறியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒல்லாந்தில் அப்போது ஒரு பெரிய எண்ணம் உருவாகிக்கொண்டிருந்தது. துடுப்புப் போட்டிகளுக்கெல்லாம் அரசனாகக் கருதப்படுவது எண்மர் வள்ளம். எட்டுப் பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, ஒன்பதாமவர் பின்னணியத்தில் அமர்ந்து சுக்கான் பிடித்துக் கட்டளையிடுவார். அதுவரை ஒல்லாந்து அப்போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. பயிற்சியாளர் றெனே மைண்டர்ஸின் கீழ் தேசத்தின் சிறந்த ஆட்களையெல்லாம் அந்த ஒரே வள்ளத்தில் ஏற்றிவிடுவதென்று முடிவாயிற்று. புளோரைனும் றீங்க்ஸும் மறுபடியும் ஒன்று சேர்ந்தது அங்கேதான். ஸ்வொலெயும் அதிலே இருந்தார்.

முன்னர் நாம் சொன்ன வேறுபாடு இங்கே வருகின்றது. இரு கைகளாலும் இரு துடுப்புகளை ஆண்டு பழகியவர், ஒரே துடுப்புக்கு இறங்கி வர வேண்டும். தன் பக்கத்தை மட்டும் தான் வலித்து, மறுபக்கத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தனக்கென ஒரு பெயர் பெற்றவர் எட்டில் ஒருவராக அடங்க வேண்டும். சுக்கான் பிடிக்கும் மிகச் சிறிய மனிதர் அதட்டுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். உலகப் பட்டம் பெற்றவர்க்கு உடற்பயிற்சியைக் காட்டிலும் இதுவே அரியதாயிருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா விழாவில் அவ்வள்ளம் புறப்பட்டபோது, முந்திய ஆண்டின் உலகப் பட்டம் ஜேர்மனியரின் கையில் இருந்தது. ஒல்லாந்து 5 நிமிடம் 42.74 செக்கனில் வந்து சேர்ந்தது, ஜேர்மனி 1.84 செக்கன் பின்னே; ரஷ்யா மூன்றாவது. சுக்கான் பிடித்தவர் யெரூன் டௌஸ்ரர். புளோரைனுக்கு அப்போது 35 வயது. எட்டாண்டு இடைவெளியில் இரண்டு தங்கங்களை, ஒன்றை இருவராகவும் மற்றொன்றை எண்மராகவும் இருந்து, புளோரைனும் றீங்க்ஸும் சேர்ந்தே பெற்றார்கள். றீங்க்ஸ் அதன் பின்னும் ஓயாமல் 2000ஆம் ஆண்டு சிட்னி வரை சென்று, 1984 முதலாக ஐந்து ஒலிம்பிக் விழாக்களைக் கண்டவரானார்.

தந்தையரைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம் தாய்மாரை மறந்துவிட்டால் நம் வாசகியர் கடிதம் எழுதாமல் விடமாட்டார்கள்; எழுதுவதும் நியாயமே. றீங்க்ஸின் வீட்டில் முதன்முதலாக ஒலிம்பிக் பதக்கம் அணிந்தவர் றீங்க்ஸ் அல்லர். அவருடைய மனைவியார் ஹரியற் வான் எற்றகோவன், 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் மகளிர் எண்மர் வள்ளத்தில் வெண்கலம் பெற்றவர். கணவரின் முதற் பதக்கத்துக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது அது. பெண்கள் ஒலிம்பிக் துடுப்புப் போட்டியிற் சேர்க்கப்பட்டதே 1976ஆம் ஆண்டிலேதான். அப்போதும் அவர்கள் 2000 மீற்றர் செல்ல மாட்டார்கள் என்று ஆண்கள் கூடித் தீர்மானித்து, 1000 மீற்றரோடு நிறுத்தி வைத்தார்கள். அவ்வம்மையார் வென்றதும் அந்தப் பாதித் தூரத்திலேதான். ஒலிம்பிக்கில் முழுத் தூரம் பெண்களுக்குக் கிடைத்தது 1988இல், சியோலில். புளோரைனின் பிள்ளைகளுக்குத் தாயாரான அன்ற்யே றேஹாக் அம்மையாரும் ஜேர்மனிக்காகத் துடுப்பு வலித்தவர். அட்லாண்டாவில் தோற்ற நாட்டின் மகளும் வென்ற நாட்டின் மகனும் சேர்ந்து அமைத்த குடும்பம் அது.

பிள்ளைகளைப் பார்ப்போம். றீங்க்ஸின் மகன் றால்ப் 1997ஆம் ஆண்டிலும், புளோரைனின் மகள் கரோலீன் 1998ஆம் ஆண்டிலும், அவருடைய தம்பி ஃபின் 1999ஆம் ஆண்டிலும் பிறந்தார்கள். தந்தையர் தங்கம் வென்ற நாள்களில் இம்மூவரில் ஒருவரேனும் பிறந்திருக்கவில்லை. அலுமாரியில் இருந்த பதக்கத்தை அவர்கள் பார்த்திருப்பார்கள். அது பெறப்பட்ட காட்சியைப் பார்த்ததில்லை.

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுவர். புலிக்குட்டியின் சங்கடத்தை எவரும் கேட்பதில்லை. வென்றால் தந்தையின் இரத்தம் என்பர். தோற்றால் தந்தையின் பெயரைக் கெடுத்தான் என்பர். இரண்டிலும் பிள்ளைக்குச் சொந்தமாக எதுவும் மிஞ்சுவதில்லை.

ஃபின் புளோரைன் அத்தகைய சோதனையை டோக்கியோவில் கண்டார். 2020ஆம் ஆண்டுக்குரிய அந்த விழா, கொரோனா நோயின் காரணமாக 2021ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே நடைபெற்றதை வாசகர்கள் அறிவர். தனியாள் வள்ளத்தில் தம் நாட்டின் பிரதிநிதியாக வந்த அவ்விளைஞர் முதற் சுற்றில் நேரே முன்னேற முடியவில்லை. தவறியவர்களுக்கென நடத்தப்படும் மறு சுற்று எஞ்சியிருந்தது. அதற்குள் நடந்த பரிசோதனையில் நோய்த் தொற்று இருப்பது தெரிய வந்தது. அத்துடன் அவருடைய ஒலிம்பிக் முடிந்தது. தோற்று வெளியேறுவதை மனம் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். துடுப்பைத் தொட விடாமலே வெளியேற்றப்படுவது வேறு விதமான துன்பம். அடுத்த சில நாள்களில், அதே நீரில், ஒல்லாந்தின் இரட்டைத் துடுப்பு நால்வர் வள்ளம் தங்கம் வென்றது. அதில் இருந்த ரோன வீற்றன், கூன் மெற்சமாக்கர்ஸ் என்னும் இரு பெயர்களை நாம் மறுபடியும் சந்திப்போம்.

அக்காள் கரோலீனுக்கும் டோக்கியோ இனிக்கவில்லை. ஒற்றைத் துடுப்பு நால்வர் வள்ளத்தில் அவர் இருந்தார். 2019ஆம் ஆண்டு உலகப் போட்டியில் அவர்களை இரண்டாமிடத்துக்குத் தள்ளிய அவுஸ்திரேலியா டோக்கியோவிலும் முந்திக்கொண்டது. வித்தியாசம் 0.34 செக்கன். கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும் நேரம். நான்கு பெண்களின் பல்லாண்டு உழைப்பைத் தங்கத்திலிருந்து பிரித்து வைத்தது அந்த இமைப்பொழுதே.

இதன்பின் கரோலீன் செய்ததுதான் நம்மை வியக்க வைக்கின்றது. ஐரோப்பியப் பட்டங்களை வென்ற அந்த நால்வர் வள்ளத்திலேயே அவர் தொடர்ந்திருக்கலாம். அவரோ தந்தை நடந்த வழிக்கு நேர்மாறாக நடந்தார். தந்தை இரட்டைத் துடுப்பிலிருந்து ஒற்றைத் துடுப்புக்கும், இருவரிலிருந்து எண்மருக்கும் போனார். மகள் ஒற்றைத் துடுப்பை வைத்துவிட்டு இரட்டைத் துடுப்பை எடுத்து, நால்வரை விட்டுத் தனியே சென்றார். தனியாள் வள்ளம் 14 கிலோகிராம் நிறையும் ஏறக்குறைய 8 மீற்றர் நீளமும் உள்ள ஊசி. சாய்ந்தால் நிமிர்த்தத் துணை இல்லை. களைத்தால் ஊக்கக் குரல் இல்லை. தவறினால் பழியைப் பங்கிட ஆளும் இல்லை. அன்றி, தந்தையின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் அங்கே இடமில்லை.

2022ஆம் ஆண்டு செக் நாட்டின் ராசிற்செயில் அவர் தனியாள் உலகப் பட்டத்தை வென்றார். 2023இல் பெல்கிறேட் நகரில் அதனை மறுபடியும் வென்றார். தம்பியும் வாளாவிருக்கவில்லை. அதே பெல்கிறேட்டில், இரட்டைத் துடுப்பு நால்வர் வள்ளத்தில் அவரும் உலகப் பட்டம் பெற்றார். டோக்கியோவில் தங்கம் வென்ற வீற்றனும் மெற்சமாக்கர்ஸும் இப்போது அவரோடு ஒரே வள்ளத்தில் இருந்தார்கள்; நாலாமவர் லெனார்ட் வான் லீரொப்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் விழா. துடுப்புப் போட்டிகள் நகருக்குக் கிழக்கே வேயர்-சூர்-மார்ன் என்னுமிடத்தில் நடைபெற்றன. பாரிஸ் என்றதும் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகின்றது. 1900ஆம் ஆண்டு அங்கே நடந்த ஒலிம்பிக்கில் பிராண்ட், கிளைன் என்னும் இரு ஒல்லாந்தர்கள், சுக்கான் பிடிப்பவரோடு கூடிய இருவர் போட்டியில் இறங்கினர். தங்கள் சுக்கான்காரர் நிறை கூடியவராயிருப்பதை முதற் சுற்றில் உணர்ந்து, இறுதிப் போட்டிக்குக் கரையிலே நின்ற ஒரு பிரெஞ்சுச் சிறுவனை ஏற்றிக்கொண்டு வென்றுவிட்டார்கள். அச்சிறுவன் அவர்களோடு நிற்கும் புகைப்படம் இருக்கின்றது. அவன் பெயர் மட்டும் இன்றுவரை எவருக்கும் தெரியாது. பரம்பரைப் பெயர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், பெயரில்லாத அந்தப் பையனையும் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்துவைப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆடி 31ஆம் திகதி ஃபின்னின் நால்வர் வள்ளம் இத்தாலியையும் போலந்தையும் பின்தள்ளித் தங்கம் வென்றது. மூன்று நாள் கழித்து, ஆவணி 3ஆம் திகதி முற்பகலில், கரோலீனின் முறை. எதிரே நின்றவர் டோக்கியோவில் தனியாள் தங்கம் வென்ற நியூசிலாந்தின் எம்மா ருவிக். கரோலீன் 7 நிமிடம் 17.28 செக்கனில் முதலாவதாக வந்தார்; ருவிக் 7 நிமிடம் 19.14 செக்கன், லிதுவேனியாவின் விக்ரோரியா செங்குற்றே மூன்றாவது. மகளிர் தனியாள் வள்ளத்தில் ஒல்லாந்துக்கு இதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். வெற்றி வித்தியாசம் 1.86 செக்கன். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தந்தையின் எண்மர் வள்ளம் வென்ற வித்தியாசம் 1.84 செக்கன் என்பதை வாசகர்கள் மேலே சென்று சரிபார்த்துக்கொள்ளலாம். எண்களில் சகுனம் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை. ஆயினும் இதைக் குறிக்காமல் விட மனம் வரவில்லை.

டோக்கியோ நால்வரில் கரோலீனோடு இருந்த இருவரும் சும்மா இருக்கவில்லை. இம்க்யா கிளேவரிங்கும் வெறோனிக் மேஸ்ரரும் சேர்ந்து இருவர் வள்ளத்தில் தங்கம் வென்றனர். பிரிந்தபின் வெல்வதென்பது ஒல்லாந்தில் ஒரு வழமையாகிவிட்டது போலும்.

பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பெற்றது எதனை? உயரத்தையும் அகன்ற நெஞ்சையும் பெற்றிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் உள்ளனர். நம் அபிப்பிராயம் வேறு. ஒலிம்பிக் என்பது சாதாரண வீட்டில் எட்டாத வானம். அந்த வீட்டிலோ சோற்று மேசையிற் பேசப்படும் ஒரு தொழில். விடியற்காலைக் குளிரில் நீரில் இறங்குவது அங்கே தவமன்று, அன்றாடம். தோல்வியும் அங்கே பழகிய விருந்தாளி. தந்தை பார்சலோனாவில் வெறுங்கையோடு திரும்பிய கதையும் அவ்வீட்டுக் கதைதானே. டோக்கியோவுக்குப் பின் அக்காளும் தம்பியும் துடுப்பைக் கீழே வைக்காமைக்கு அந்தப் பழக்கமே காரணமாயிருக்கலாம் என்று நாம் நம்புகின்றோம்.

இன்னும் ஒன்று மீதியிருக்கின்றது. கரோலீன் தங்கம் வென்ற அதே முற்பகலில், சற்று நேரத்தின் பின், அதே நீரில், ஆடவர் எண்மர் வள்ளங்கள் வரிசையிலே நின்றன. ஒல்லாந்தின் வள்ளத்தில் இருந்த எண்மருள் ஒருவர் றால்ப் றீங்க்ஸ். தந்தை அட்லாண்டாவில் தங்கம் வென்ற அதே போட்டி. தாயார் லொஸ் ஏஞ்சல்ஸில் வெண்கலம் வென்றதும் எண்மர் வள்ளத்திலேதான். பிரித்தானியா ஒரு செக்கனுக்குச் சற்றே மேற்பட்ட வித்தியாசத்தில் முந்திக்கொள்ள, ஒல்லாந்துக்கு வெள்ளி கிடைத்தது, அமெரிக்கா மூன்றாவது. தந்தையிடம் தங்கம், தாயிடம் வெண்கலம் இருந்த வீட்டுக்கு மகன் வெள்ளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆடவர் எட்டுப் பேரை அதட்டி ஓட்டிய அந்த வள்ளத்தின் சுக்கானைப் பிடித்திருந்தவர் டியூக்க ஃபெற்றர் என்னும் ஒரு பெண்.